முப்பது வாட்டும் சாமியப்பன் காதும்

ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்தி, நுனியை மிஷினின் இரும்பு உடம்பில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் சாமியப்பன். புதிதாகப் பார்க்கிறவனுக்கு ஆள் நின்றபடியே தூங்குகிறார் என்று தோன்றும். பனியன் துணி பின்னுகிற வட்ட மிஷின் அது. வளையம் முழுக்க ஊசிகள், எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு ஊசியின் மூக்கு வளைந்தால் துணியில் நீளமாகக் கோடு விழும். கோடு கண்ணில் படும்போது முழக்கணக்கில் துணி வீணாகியிருக்கும். சாமியப்பனுக்குக் கண் வேண்டாம். "ஒரு ஊசி இருமுது, நிறுத்து" என்பார். நிறுத்திப் பார்த்தால் வளைந்த ஊசி இருக்கும்.

மண்ணரையில் தண்டாயுதபாணி முதலாளியின் கம்பெனியில் மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் அவர். முதலாளி முதல் கூட்டுகிற பெண் வரை அவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான். காக்கி அரை டிரவுசர், மேலே விற்பனைக்கு ஆகாத கம்பெனி பனியன். பஞ்சு தொண்டையில் இறங்காமலிருக்கக் கன்னத்தில் எந்நேரமும் ஒரு துண்டு வெல்லம் ஊறிக்கொண்டிருக்கும். அதனால் அவர் பேச்சே கொஞ்சம் குழகுழவென்றுதான் வரும். சாயங்காலம் பார்த்தால் புருவமெல்லாம் வெள்ளையாக, காலையில் போன ஆளைவிடப் பத்து வயது கூடின ஆள் திரும்பி வருவார்.

எதையும் காதால்தான் வாங்குவார். அனுப்பர்பாளையத்துக்கு அண்டா வாங்கப் போனால் விரலை மடக்கித் தட்டித் தட்டிக் கேட்பார். கடைக்காரன், "ஏனுங்க, அண்டா வாங்க வந்தீங்களா, மிருதங்கம் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டதும் உண்டு. ஊரில் கிணற்று மோட்டார் புதிதாக இறக்குகிறவர்கள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுச் சொல்ல அவரை ஒரு நடை கூட்டிப்போய் நிறுத்துவார்கள்.

தொழில் தெரியாதவர்களைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டம். பனியன் நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் நூல் இருபதாம் நம்பரைவிட மெல்லிசு. பருத்தி விற்ற காசில் புதிதாகக் கம்பெனி வைத்த ஆள் எவனாவது, பெரிய நம்பர் என்றால் தடித்த நூல் என்று நினைத்து வாங்கி வந்து விழிப்பான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரிப்பார். "நம்பரைப் பாத்து ஏமாறுறவன் பனியனுக்கு வரப்படாது" என்பது அவர் சட்டம்.

வீட்டில் அவருக்கு இருக்கும் ஒரே சொகுசு வால்வு ரேடியோ. மரப்பெட்டி, உள்ளே காகிதக் கூம்பு ஸ்பீக்கர். வங்காளதேசச் சண்டை நடந்தபோது அந்தத் தெருவே செய்தி கேட்க அவர் வாசலில்தான் நின்றது. சண்டை முடிந்து கொஞ்ச நாளில் ரேடியோவுக்குச் சத்தம் குறைந்துவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார். குமிழைத் திருகித் திருகி வைப்பார். மனைவி செல்லாத்தாள், பக்கத்து ஊட்டுக் குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்று வந்து குறைப்பாள். ரேடியோ சரியாகத்தான் இருக்கிறது என்று அவள் சொன்னால், "செய்தி வாசிக்கிறவன் இப்பல்லாம் சரியாச் சோறு திங்கறதில்ல" என்று பழியை அங்கே தூக்கிப் போடுவார்.

கம்பெனியிலும் ஒரு காரியம் நடந்தது. கல்கத்தாவுக்குப் போக வேண்டிய துணியில் கோடு விழுந்து, வெட்டுகிற மேஜை வரைக்கும் வந்துவிட்டது. சாமியப்பன் அதே ஹாலில்தான் இருந்தார். முதலாளி கோபப்படவில்லை. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பிட்டரே, இது உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவான கேள்விதான் சாமியப்பனைப் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து மிஷினில் ஸ்குரூ டிரைவர் வைப்பது கூடியது. எலும்பு வழியே வருகிற சத்தம் அவரைக் கைவிடவில்லை. காற்றில் வருவதுதான் சந்தேகம்.

பிட்டருக்குக் காது போனால் மிச்சம் என்ன இருக்கிறது? ஸ்பானர் பிடிக்க ஊரில் ஆயிரம் கை.

இந்த நேரம் பார்த்துத்தான் செல்லாத்தாளின் அண்ணன் மாரப்பன் வந்து சேர்ந்தான். நூல் ஏஜெண்ட், வாய் நீளம். மெட்ராஸ் பர்மா பஜாரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி வந்திருந்தான். ஆள் உட்காரும் முக்காலி அளவுதான் இருக்கும், தூக்கினால் அம்மிக்கல். நாலு பக்கமும் இடுக்கில்லாமல் அடைத்த பெட்டி. பின்னால் தகட்டில் முப்பது வாட் என்று போட்டிருந்தது.

"உங்க ரேடியோ மொத்தமே மூணு வாட்டுங்க மாப்ள. இது முப்பது. வெச்சீங்கன்னா காங்கயம் ரோட்டுல போற பஸ்ஸு நின்னு கேக்கும்."

சாமியப்பன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கும்மென்றது. தகட்டையும் பார்த்தார். அடுத்த சங்கதியைச் சொன்னால் தொழிலாளி எவனும் நம்பமாட்டான்: நம்பரைப் பார்த்தார், சரி என்றார். ஒரு உறையில் இரண்டு கத்தி எதற்கென்று பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் பரணில் போடச் சொன்னார். மாரப்பன் ஒயரை மாற்றிக் கட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று காப்பியைக் குடித்து நடையைக் கட்டினான்.

சாயங்காலச் செய்திக்கு ரேடியோவைப் போட்டார். குமிழ் பழைய இடத்திலேயே இருந்தது. செய்தி வாசிக்கிறவன் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. இன்னும் திருகினார். பிறகு இன்னும். சமையலறையிலிருந்து செல்லாத்தாள் எட்டிப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னாள்: "இப்பத்தானுங்க அளவா இருக்குது."

மனுஷன் ஒடிந்துபோனார். புருஷன் கடைசியாகச் சொல் கேட்டுக் குமிழைக் குறைத்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். முப்பது வாட்டும் வீடு நிறையக் கொட்டுகிறது, அவளுக்கு அது அளவாகக் கேட்கிறது, தன் காதில்தான் ஏறவில்லை என்று அவர் நினைத்தார். இரண்டு பேரும் ஒரே ரேடியோவைத்தான் கேட்டார்கள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்று, தன்னை நூல் குடோனுக்கு மாற்றிவிடும்படி கேட்டார். காரணம் முட்டி வலி என்றார். முதலாளி அவர் முட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை வேறு ஆள் வரச் சொல்வதாகவும், வருகிறவனுக்கு மிஷின்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவர் குடோனுக்குப் போகலாம் என்றும் சொன்னார். இப்படி ஒரே பேச்சில் ஒத்துக்கொள்வார் என்று சாமியப்பன் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க வெல்லம் கூடக் கசந்தது என்று பின்னால் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை செல்லாத்தாள் ரேடியோக்காரர் ஈஸ்வரமூர்த்தியைக் கூப்பிட்டுவிட்டாள். குமிழ் கடைசி வரைக்கும் திருகிக் கிடக்க, ரேடியோ கரகரவென்று அழுதது, தொட்டால் சுட்டது. அது அவள் கவலை. ஈஸ்வரமூர்த்தி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருப்பவர். கல்யாணங்களுக்கு மைக் செட்டும் கட்டுவார். வந்தவர் பெட்டியைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், ஒரு நிமிஷம் காது கொடுத்து நின்றார்.

"ஏனுங்ணா, இத்தன திருகியும் இவ்வளவுதான் சத்தமா?"

சாமியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உனக்கும் இவ்வளவுதான் கேக்குதா?"

"எனக்கென்னுங்ணா, யாருக்கும் இவ்வளவுதான் கேக்கும்."

"முப்பது வாட்டுப்பா அது."

ஈஸ்வரமூர்த்தி சிரிக்கத் தொடங்கி, முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த நம்பர் பெட்டி கொடுக்கிற சத்தத்துக்கான நம்பர் இல்லை என்றார். அத்தனை கரண்டு உள்ளே போனாலும் கருகாமல் தாங்கும் என்பதற்குப் போட்டது. "மாடு எத்தன தீனி திங்கும்ங்கறது வேறீங்ணா, எத்தன கறக்கும்ங்கறது வேறீங்ணா. இது தின்னி மாடு. உங்க ரேடியோ போடற கைப்பிடிப் புல்லுக்கு இது மடியே எறக்காது."

பிறகு விளக்கினார். ஸ்பீக்கர் செய்கிறவர்கள் ஒரு வாட் கரண்டு கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி வைத்துச் சத்தத்தை அளப்பார்களாம். அதை டெசிபல் என்பார்களாம். அந்தக் கணக்குத்தான் கறவை. அதில் மூன்று குறைந்தால், பழைய சத்தம் வர இரண்டு பங்கு கரண்டு வேண்டும். ஆறு குறைந்தால் நாலு பங்கு. கனத்த கூம்பு வைத்து இறுக அடைத்த இந்தப் பெட்டிக்கு, பரணில் கிடக்கும் காகித ஸ்பீக்கரைவிட அதற்கும் மேலேயே குறையும். மற்றபடி நல்ல சாதிப் பெட்டிதான், அடி சத்தம் அழகாக வரும், பெரிய ஆம்ப்ளிபயர் வைத்திருக்கிறவன் வீட்டுக்குப் போக வேண்டியது என்றார்.

"நூல்லயே நம்பர் ஏறுனா மெலியுதுங்களே. உங்களுக்குத் தெரியாததா?" என்று கடைசியில் ஒரு போடு போட்டார். செல்லாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய ஸ்பீக்கரை இறக்கி ஒயரைக் கட்டினார்கள். குமிழைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. சுவிட்சைப் போட்டதும் வந்த நாகஸ்வரத்தில் ஓட்டுமேல் இருந்த காக்கை பறந்தது. செல்லாத்தாள் கரண்டியோடு ஓடி வந்தாள். சாமியப்பன் மட்டும் அசையாமல் நின்று முழுசாகக் கேட்டார். கண் கலங்கினதற்கு மிளகாய் வறுக்கிற நெடி என்று சொல்ல முடிந்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ஈஸ்வரமூர்த்தி குமிழைத் தணித்துக்கொண்டே வந்து, எல்லோருக்கும் இதமாக இருக்கும் இடத்தில் நிறுத்தினார். செல்லாத்தாள் போதும் என்றாள். அந்த இடத்தில் சாமியப்பனுக்கு நாகஸ்வரம் கேட்டது, தவில் பாதிதான் கேட்டது. காது முழுசாகப் போகவில்லை. முழுசாக இருக்கவும் இல்லை. இரண்டும் அவருக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது. கிளம்புகிற ஈஸ்வரமூர்த்தியை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, சும்மா கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார். கரண்டும் கூட்டாமல், ஸ்பீக்கரும் மாற்றாமல் சத்தம் கூட்ட வழியுண்டா?

"கிட்டப் போறதுதானுங்ணா. பாதி தூரத்துக்கு வந்தீங்கன்னா நாலு பங்கு கரண்டு குடுத்த மாதிரி" என்று சொல்லிவிட்டு ஈஸ்வரமூர்த்தி சைக்கிளில் ஏறினார். சாமியப்பன் கேட்டது ரேடியோவைப் பற்றி என்றுதான் அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பர்மா பஜார்ப் பெட்டி மச்சான் மனம் நோகக்கூடாதென்று வீட்டிலேயே இருக்கிறது. செல்லாத்தாள் அதன்மேல் முறத்தை வைக்கிறாள்.

திங்கட்கிழமை காலை புது ஆள் வருவதற்கு முன்பே சாமியப்பன் போய், முட்டி வலி விட்டுவிட்டது என்றார். முதலாளி, வருகிறவன் உதவிக்கு இருக்கட்டும் என்றார். ஹாலில் கதவோரம், காற்று வருகிற இடத்தில்தான் பிட்டரின் ஸ்டூல் கிடக்கும். அங்கே உட்கார்ந்தபடியே எல்லா மிஷினையும் கேட்பது அவர் கௌரவம். அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய், நடு ஹாலில், பஞ்சு மழையாகக் கொட்டுகிற இடத்தில், இரண்டு மிஷினுக்கு நடுவே போட்டார். முதலாளி வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, அங்கே மூச்சு முட்டாதா என்று கேட்டார்.

"இங்கதானுங்க காத்து" என்று சொல்லிவிட்டு, சாமியப்பன் ஸ்டூலை மிஷின் பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்த்தி உட்கார்ந்தார்.