காத்தமுத்துவின் வேலையைப் பறித்த மேஸ்திரி

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மருதை, சத்திரத்துக்குப் பின்னால் சொந்தப் பட்டறை போட்டு, திருச்சி ஜில்லாவில் தனக்குத் தெரியாத இன்ஜினே கிடையாது என்று மார்தட்டிய ஆள். தட்டலாம், தப்பில்லை. லாரி கழுவி மேலே வந்தவன். படித்தவன் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் இவன் நட்டைக் கழற்றியிருப்பான். அந்தத் தலைக்கனம்தான் அறுபத்தைந்தாம் வருடம் ஒருவன் வயிற்றில் அடித்தது.

திருவெள்ளறை அழகிரி ஏலத்தில் ஒரு பழைய சின்ன டிராக்டர் எடுத்திருந்தார். முன்னால் மண் அள்ளும் பக்கெட். ஆயில் அழுத்தத்தில் ஏறி இறங்கும். மழை பிடிப்பதற்குள் ஏரி வண்டலை வயலில் கொட்ட அதைத்தான் நம்பியிருந்தார். சரஸ்வதி பூஜை கழிந்த வாரம் அது மக்கர் பண்ணியது. டிரைவர் காத்தமுத்துவோடு பட்டறைக்கு வந்தார்.

“காலையில நல்லாத்தாண்ணே தூக்குது,” என்றான் காத்தமுத்து. “அரை மணி ஓடுனதும் பம்பு முனகுது, பக்கெட்டு பாதியில நின்னுடுது. ஆறப்போட்டா மறுபடி தூக்குது.”

“வியாதியைச் சொல்லு, வைத்தியம் பாக்காதே,” என்றான் மருதை. “வயக்காட்டுல ஆயில் டாங்கி மூடியைத் திறந்து போட்டுட்டு பீடி குடிச்சிருப்பே. மண்ணு போயி பம்பைத் தின்னுடுச்சு.”

“நான் பீடியே குடிக்கிறதில்லண்ணே.”

“அப்ப வெத்தலை போட்டிருப்பே!”

பட்டறையே சிரித்தது. அழகிரி சிரிக்கவில்லை. “சாவியை வச்சிட்டுப் போடா,” என்றார். காத்தமுத்து வைத்துவிட்டுப் போனான்.

மருதை பம்பைப் பிரித்தான். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. வாயைத் திறக்காமல் திரும்பப் பூட்டி, ஆயில் ஊற்றி அனுப்பினான். மறுநாள் மதியமே ஆள் வந்தது, மறுபடி நின்றுவிட்டதென்று.

மருதை பஸ் ஏறித் திருவெள்ளறைக்குப் போனான். இன்ஜினை ஓடவிட்டு டாங்கி மூடியைத் திருகினான். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பாதியில் நின்ற பக்கெட் ஏறத் தொடங்கியது. மூடியைத் திருப்பிப் பார்த்தான். ஆயில் இறங்க இறங்கக் காற்று உள்ளே போவதற்கு அதில் ஊசித் துளை ஒன்று உண்டு; காற்று போகாவிட்டால் பம்புக்கு ஆயில் வராது. அதை அடைத்துக் காய்ந்து கிடந்தது சந்தனம்.

பூஜையன்று வண்டி பெயின்ட் வேலைக்காக இவன் பட்டறையில்தான் நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கண்ட இடமெல்லாம் சந்தனம் குங்குமம் அப்பியது இவனுடைய கட்டைவிரல்தான். மூடிக்குக் கொஞ்சம் தாராளமாகவே.

யாரும் பார்க்கவில்லை. கம்பியால் குத்தி எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“கை பட்டதும் எந்திரிச்சிடுச்சே!” என்றார் பக்கெட் ஏறுவதைப் பார்த்து வந்த அழகிரி. “மேஸ்திரின்னா நீதான்யா. அந்தப் பயலை விரட்டுனது நல்லதாப் போச்சு.”

மருதை சிரித்தான். ஆமாம், சிரித்தான். அதற்கப்புறம் மூன்று நாள், பட்டறையில் எவனாவது “மேஸ்திரி” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூசியது.

காத்தமுத்து காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போனான். மூட்டையை இறக்கச் சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னான்.

காத்தமுத்து துண்டை உதறினான். “எங்கிட்ட சொல்லி என்னண்ணே? அத்தனை பேரு சிரிச்சாங்க. ஊருல எவனும் இனிமே எங்கிட்ட வண்டி குடுக்க மாட்டான். சொல்ற எடத்துல வந்து சொல்லுங்க.”

காத்தமுத்துவையும் கூட்டிப்போய், ஏரிக்கரையில், அழகிரி முன்னால், கூடை சுமந்த பெண்கள் முன்னால், மருதை சொன்னான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

“ஏய்யா, நீ பூசுன சந்தனத்துக்கு அவன் மூட்டை தூக்குறானா?” என்றார் அழகிரி. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் சாவியைக் காத்தமுத்துவிடம் நீட்டினார்.

“மன்னிச்சுக்கப்பா,” என்று மருதை கையைப் பிடிக்கப் போனான்.

காத்தமுத்து அதற்குள் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பியிருந்தான்.

“தள்ளி நில்லுங்கண்ணே, பக்கெட்டு எறங்குது.”

மருதை சேற்றில் கால் வைத்துத் தள்ளி நின்றான்.