பின்பாரம்

ஒரேத்தோ வீதிச் சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் ஒரு கார் டயரைத் தேய்த்துக்கொண்டு பாய்ந்தது. தெருவில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. தொண்ணூறுகளில், ஞாயிறு மாலைகளில் அப்பாவின் தலைமுடியில் ஊறியிருந்ததும் இதே கருகிய ரப்பர் மணம்தான்.

பக்கத்து ஊரான பகேரியாவில் அப்பா வேலைசெய்த வீட்டு முதலாளி, பழைய அமெரிக்கக் காரில் நேர்வீதிப் பந்தயம் ஓடுவார். கிளம்பும்போது பின்சக்கரங்கள் பிடிப்பில்லாமல் சுழலுமாம். அதனால் பாரத்துக்கு அப்பாவை டிக்கிக்குள் படுக்கவைப்பார்.

“மண்மூட்டை வைக்கேலாதோ?” என்று அம்மா கத்துவார்.

“மூட்டையை ஏத்தி இறக்க ஆள் வேணுமாம். நான் எண்டா நானே ஏறி, நானே இறங்குவன்” என்பார் அப்பா.

ஒரு ஞாயிறு அந்தக் கார் மதிலில் மோதியது. அன்று அப்பாவை இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.