ராஜா முகத்தில் அடிப்பூச்சு

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. மோட்டார் பட்டறையில் பகலெல்லாம் கார்களுக்குச் சாயம் அடித்துவிட்டு வருவார். வீட்டில் உட்கார்ந்து உள்ளங்கை நீளத்துக்குப் பொம்மைக் கார் செய்து அதற்கும் சாயம் அடிப்பார். பெரிய கார் வாங்க வக்கில்லாதவருக்குச் சின்ன காராவது வேண்டாமா என்று நான் கேலி செய்வேன். ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்த பிறகு அந்தக் கேலி என் வாயில் வரவில்லை.

பட்டறையை ராணுவம் எடுத்துக்கொண்டது. வேலை செய்தவர்களையும் வண்டிகளோடு சேர்த்தே எடுத்துக்கொண்டது. அங்கே மேலதிகாரியாக வந்தவன் இவர் செய்த பொம்மைக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டான். தான் போய்வரும் கறுப்புக் காரைப் போலவே ஒன்று வேண்டும், தகரத்தில் வேண்டும், முகம் தெரிகிற மாதிரி பளபளக்க வேண்டும், ஊரில் இருக்கும் மகனுக்குக் கப்பலில் அனுப்பப் போகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை என்று நாளும் சொன்னான். இவர் குனிந்து வணங்கிச் சரி என்றார். வேறென்ன சொல்ல முடியும்? கொஞ்ச நாளைக்கு முன்தான், பழைய வெள்ளைக்கார முதலாளியின் படத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்தார் என்று கூட வேலை செய்த ஒருவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

தகரத்துக்கு எங்கே போவது? ஊரில் கிடந்த ஓட்டை வாளி வரைக்கும் ராணுவம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிஸ்கட் டின். பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டியில் எனக்குக் கொடுத்தது. மூடி நிறைய பிரிட்டிஷ் ராஜாவின் முகம், பக்கமெல்லாம் அவர்கள் கொடி. ஜப்பான்காரன் வந்த வாரம் ஊரே இப்படிப்பட்ட சாமான்களை எரித்தது, குழி தோண்டி மூடியது. நானும் அதை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்திருந்தேன்.

அதை இவர் தோண்டி எடுத்து வந்தார். வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"பூச்சு ஏறிட்டா ராஜாவும் தெரியாது, கூஜாவும் தெரியாதுலா. பயப்படாதே" என்றார்.

படத்தை உள்பக்கமாகத் திருப்பியாவது மடியுங்கள் என்றேன். தகரத்தை ஒட்டும் ஈயப்பற்று காரின் உள்ளே மறைந்திருக்க வேண்டும், ஈயமோ படம் இல்லாத வெறும் தகரத்தில்தான் பிடிக்கும், அதனால் படம் வெளியேதான் வரும் என்றார். சுரண்டிப் போட்டால் கடல்காற்றில் மறுநாளே துரு கிளம்பி மேலே போடும் பூச்சைத் தூக்கிவிடும் என்றார். அவர் சொன்னதெல்லாம் தொழிலுக்குச் சரிதான். கடைசியில் காரின் கூரை மேல் ராஜாவின் முகம் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

சாம்பல் நிற அடிப்பூச்சு பால்டின்னில் பாதி அளவுக்குப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்தார். அதற்கு மேல் கேட்டால் இந்தச் சின்ன பொம்மைக்கா இவ்வளவு என்று கேள்வி வரும். முதல் பூச்சு போட்டதும் கொடியும் முகமும் மறைந்தன. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பூச்சில் தூரிகைக் கோடுகள் இருந்தன. நிஜக் காரில் அது கண்ணுக்கே படாது. உள்ளங்கைக் காரில் மயிரிழைக் கோடுகூட வாய்க்கால் மாதிரி தெரியும். மேலே வரப்போகும் கறுப்புச் சாயம் எதையும் மறைக்காது, அடியில் உள்ள மேடு பள்ளத்தை எல்லாம் காட்டிக்கொடுக்கும். அதனால் அடிப்பூச்சைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

பகலில் அவர் பட்டறைக்குப் போய்விடுவார். தேய்க்கும் வேலை என்னுடையது. உப்புத்தாள் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம். மலாய்க்காரத் தச்சர்கள் மரத்தைத் தேய்க்கும் மெம்பலாஸ் இலையைப் பறித்து வைத்திருந்தேன். பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். தட்டில் தண்ணீர் வைத்து, இலையை நனைத்து நனைத்துத் தேய்ப்பேன். விளிம்பில் மட்டும் அழுத்தாதே, அங்கேதான் பூச்சு மெலிசாக நிற்கும் என்று சொல்லியிருந்தார்.

சிக்கலே அங்கேதான். தேய்க்காமல் விட்டால் கோடு தெரியும், அதிகாரி அறைவான். தேய்த்தால் ராஜா தெரிவார், உயிர் போகும். முதல் நாளே மட்கார்டு விளிம்பில் கொடியின் சிவப்பு எட்டிப் பார்த்தது. சாயங்காலம் அவர் அந்த இடத்தில் மறுபடி பூசினார். மறுநாள் தேய்த்தால் வேறொரு விளிம்பில் நீலம். பால்டின் காலியாகிக்கொண்டே வந்தது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். குழந்தை உள்ளே புரண்டால்கூட யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்துத் திடுக்கிடுவேன்.

புதன்கிழமை பகலில் கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இலை ஒரு தடவை கூடுதலாக ஓடிவிட்டது. சாம்பல் பூச்சுக்கு நடுவில் ராஜாவின் ஒரு கண் என்னைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது. அதிகாரியேதான், கூடவே மொழி சொல்ல ஒரு மலாய்க்காரர். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தானாம்.

தேய்த்த தண்ணீர் தட்டில் சாம்பல் சேறாகக் கிடந்தது. அதைக் கட்டைவிரலில் வழித்துக் கண்ணின் மேல் அப்பிவிட்டு எழுந்து வணங்கினேன். அவன் கையை நீட்டினான். இரண்டு கையாலும் காரைக் கொடுத்தேன். என் பயம் அவனுக்கும் தெரிந்திருக்கும். அவனைப் பார்த்து நடுங்காதவர்கள் யார் இருந்தார்கள்? அதனால் சந்தேகப்படவில்லை போலிருக்கிறது.

மட்கார்டைத் தடவினான், முன்மூடியைத் தடவினான். அவன் விரல் கூரைப் பக்கம் நகர்ந்தது.

"பாசா, துவான்" என்றேன். ஈரம், ஐயா. எனக்குத் தெரிந்த மலாயில் வேறு ஒரு சொல்லும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மொழி சொல்பவர் அதை அவனுக்குச் சொன்னார். அவன் விரலை எடுத்து, நுனியில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு காரைத் திருப்பிக் கொடுத்தான். அவன் வண்டி போன சத்தம் அடங்கியதும் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன்.

இவர் வந்ததும் மிச்சமிருந்த பூச்சையெல்லாம் கூரையில் ஏற்றினார். அந்த இடத்தை நான் பட்டும் படாமல்தான் தேய்த்தேன். அதன் மேல் கறுப்புச் சாயம் ஏறியது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து காரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அதில் அவன் முகம் தெரிந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ பேசிச் சிரித்தான். மொழி சொல்பவர் எங்களிடம் திரும்பினார். மகன் எந்தப் பொம்மையையும் முழுசாக விட்டுவைக்க மாட்டானாம். தரையில் உரசி உரசிச் சாயத்தை எல்லாம் போக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவானாம்.

இவரும் நானும் வணங்கினோம். அவனோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தோம்.

கார் கப்பலேறியது. பயம் எங்களோடு தங்கிவிட்டது. மகன் கடுதாசி எழுதுவான், அவன் அம்மா எழுதுவாள், என்றைக்கோ ஒருநாள் வண்டி மறுபடி வாசலில் வந்து நிற்கும் என்றே இருந்தோம். எனக்கு மகள் பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். சுற்றிலும் எல்லாரும் அரிசியும் மருந்தும் சண்டை முடிவும் கேட்டு நின்றார்கள். நான் கேட்டது வேறு. முகம் தெரியாத அந்தப் பையன் அப்பா அனுப்பிய காரைத் தொடவே கூடாது, அதற்காக அவன் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் சரி என்று, என் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டேன்.