கடல் என்று குறித்த சேறு

வியட்நாமில் சைகோனை ஒட்டிய கான் யோ அலையாத்திக் காட்டில், கிதிர் முகம்மது சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவைப் பதினோரு வருடமாக அளக்கிறார். சேற்றின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சிக் குப்பியில் அடைப்பார். கால் அழுந்தினால் குமிழி கிளம்பி அளவு கெட்டுவிடும். பலகையில் சிலைபோல நிற்பார்.

இந்த வருடம், உலகம் முழுவதற்கும் மீத்தேனைக் கணினியில் கணக்கிட்ட வரைபடம் ஒன்று வெளியானது. அவர் நின்ற இடத்தில் மீத்தேன் பூஜ்யம். ஏன் என்று அதை உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேட்டார். ஒரே வரியில் பதில் வந்தது: "எங்கள் வரைபடத்தில் அந்தக் கட்டம் கடல்."

மறுபடி எழுதினார். பதில் இல்லை.

அவருடைய சேறு படிந்த காற்சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்த மனைவி பரிதாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"கடலாமா? அப்ப இத்தன வருசமா நான் எதைங்க அலசுறேன்?" என்று கேட்டார் பரிதா.

வாளித் தண்ணீர் கறுத்திருந்தது.