வெடித்த அத்திகள்

பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. யார் யாரோ கடித்துக் கொடுத்த வாய் அச்சுகளுக்கு நடுவே டிபன் டப்பாவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். குடியிருப்பில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அருவருப்பு கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

மொட்டை மாடியில் மூன்று நீல டிரம்களில் அத்தி வளர்த்தாள். ஐந்தாம் வருடம்தான் கிளைக்குக் கிளை காய் பிடித்தது. கோடை தொடங்கும்போது வானொலியில் வானிலை அதிகாரி சொன்னார்: மூன்று மாதமும் வெயில் வழக்கத்தைவிட அதிகம், மழை குறைவு. பல்லக்கா அதை அப்படியே நம்பினாள். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பயந்து மரத்துக்கு ஒரு செம்பு என்று அளந்து ஊற்றினாள். மழைக்காக மேலே கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை அவிழ்த்துக் கணவரின் ஸ்கூட்டருக்குப் போர்த்திவிட்டாள்.

"மூணு மாசத்துக்கும் சேர்த்துச் சொல்றாங்க. நடுவுல ரெண்டு நாள் கொட்டாதுன்னா சொன்னாங்க?" என்றார் கணவர்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

பழம் கனியத் தொடங்கிய வாரம், வியாழனும் வெள்ளியும் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பட்டறையில் அவசர வேலை; ஞாயிறு காலைதான் மாடியேறினாள். படிக்கட்டிலேயே புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. காய்ந்து கிடந்த வேர்கள் ஒரேயடியாகத் தண்ணீரைக் குடித்ததில் பழமெல்லாம் வாய் பிளந்து தொங்கியது. உள்ளே நுரை, மேலே ஈக்கூட்டம். ஒன்றைத் தொட்டாள். கொழகொழவென்று விரலிடுக்கில் வழிந்தது. அதில் வெள்ளையாக எதுவோ நெளிந்தது. ஓடிப்போய்க் குழாயடியில் வாந்தியெடுத்தாள்.

கீழ்வீட்டுத் தையல்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அக்கா, காயப்போட்ட விரிப்பெல்லாம் உங்க பழச்சாறு. இதையா எனக்குத் தர்றேன்னீங்க?"

பல்லக்கா பட்டறைக் கையுறையை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அத்தனையையும் பறித்துப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினாள்.

கோடை முடிந்ததும் அதே அதிகாரி வானொலியில் வந்தார். கணிப்பு பலித்துவிட்டதாம். சராசரி வெயில் அதிகம், சராசரி மழை குறைவு.

"தூ! சராசரியாம் சராசரி!" என்று வானொலியை அணைத்தாள். ஆனால் அந்த ஆளைவிடத் தன்மேல்தான் அவளுக்குக் குமட்டியது. புதன்கிழமையே மேகம் கறுத்ததைக் கண்ணால் பார்த்தும், வராது என்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் அவள்தானே!

பிந்திக் காய்த்த நான்கு பழங்கள் நன்றாகவே கனிந்தன. கணவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். அவளால் ஒன்றை வாயருகே கொண்டுபோகக்கூட முடியவில்லை.