டோரீன் வாங்கித் தந்த மழை

போர்ட் லிங்கன் துறைமுகத்தில் கோதுமை ஏற்றத் தாமதமானால் கோதுமைக் கம்பெனி கப்பல்காரருக்கு அபராதம் கட்ட வேண்டும். மழை பெய்த நேரத்துக்கு மட்டும் விலக்கு. மழை தொடங்கிய மணியையும் நின்ற மணியையும் குறித்து, கம்பெனிக்காக அந்த மழையைக் கேப்டன்களிடம் சண்டையிட்டு வாங்கித் தருவதே டோரீன் கூக்கலின் வேலை. வெறும் பனி என்று சாதித்த ஒரு கேப்டனின் பூட்ஸில் தன் தொப்பியைப் பிழிந்து, மீன் வளர்க்கும் அளவுக்கு நிரப்பியவள் அவள்.

சென்ற மாதம் மழைமானியும் கணினியும் வந்தன. அதன்பின் வந்த முதல் கப்பலின் மழைக் கணக்கு, அவள் கப்பலின் படியேறும் முன்பே தீர்ந்திருந்தது.

"சண்டை இல்லையா, டோரீன்? தொண்டைக்குத் தேன் சாப்பிட்டுட்டு வந்தேனே!" என்று சிரித்தார் அந்தக் கப்பலின் கேப்டன் ஸ்டாமாட்டிஸ்.

"மெஷின்கிட்ட போய்க் கத்துங்க. நாளையிலேர்ந்து என்னை வர வேண்டாம்னுட்டாங்க."

அவர் சிரிப்பு நின்றது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. மழை பிடித்தது. தானியம் நனையாமல் மாலுமிகள் சரக்கறை மூடிகளைச் சாத்தினார்கள். மணி பார்க்கத் தோன்றாமல் அவள் நனைந்துகொண்டு நின்றாள்.