சிவப்பு மையில் எழுபத்தெட்டு

திண்டுக்கல்லில் பிசியோதெரபிஸ்டாக இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். ஒரு திங்கட்கிழமையை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும்.

முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் நாற்காலிப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குவது, கையைத் தூக்குவது, குதிகாலைத் தட்டுவது. உட்கார்ந்து செய்தாலும் இதயத்துக்கு வேலைதான். அதனால் முன்னும் பின்னும் விரலில் கிளிப் மாட்டி பல்ஸ் பார்ப்பேன்.

மேனேஜர் அதைப் போர்டில் எழுதச் சொன்னார். பயிற்சி முடிவில் நூற்றைத் தொட்டால் பச்சை மை, இல்லையென்றால் சிவப்பு. போர்டைப் படம் பிடித்து, அங்கே வருகிற முதியவர்களின் பிள்ளைகள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் போடுவார்.

“சார், இதுல பாதிப் பேரு பல்ஸைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறாங்க. என்ன செஞ்சாலும் அவ்வளவு ஏறாது. எல்லாருக்கும் ஒரே நம்பரா?”

“புள்ளைக பாக்க ஏதாச்சும் வேணும்ல மேடம்? எழுதுங்க.”

எழுதினேன். என் கையாலேயே எழுதித் தொலைத்தேன்.

வடமதுரைப் பக்கம் மல்லி பயிரிட்டவர் ஆரோக்கியசாமி ஐயா. இதயத்துக்கு அந்த மாத்திரை எடுப்பவர். எழுபத்தெட்டைத் தாண்டமாட்டார். தினமும் சிவப்பு.

“ஏம்மா, நாப்பது வருசமா பூ மார்க்கெட்டுக்குப் போனவன் நான். எடை குறைஞ்சுச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இங்க இம்புட்டுப் பேரு முன்னால கொறஞ்சு நிக்கிறேனே” என்றார்.

“ஏறும்யா, ஏறும்” என்று சிரித்துவிட்டுப் போனேன். ‘மாத்திரை வேலை செய்யுது, எழுபத்தெட்டே உங்களுக்கு நல்ல கணக்கு’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பயிற்சி தொடங்கும் முன்பே கிளிப்பில் நூற்றுப் பதினெட்டு. முகமெல்லாம் வேர்வை.

“மாத்திரை போட்டீங்களா ஐயா?”

“அதுதான் நம்பரை ஏறவிடாம இழுத்துப் பிடிக்குதுன்னு பக்கத்துச் சேர்க்காரரு சொன்னாரு. நாலு நாளா நிறுத்திட்டேன்.” சொல்லிக்கொண்டே நெஞ்சைப் பிடித்தார்.

மேனேஜர் ஓடிவந்தார். “சத்தம் போடாதீங்க மேடம், மத்தவங்க பயந்துருவாங்க.”

“பயப்படட்டும்யா! மொதல்ல ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!” என்று கத்தினேன். அவரை ஒருமையில் பேசியதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

ஐயா பிழைத்தார். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இதயம் இப்படித்தான் தறிகெட்டு ஓடும். மறுநாள் வார்டுக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நூத்திப் பதினெட்டாமே. பச்சையில எழுதிட்டியாம்மா?”

அங்கிருந்து நேராக மையத்துக்குப் போய் போர்டைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். மேனேஜர் என்னவோ சொன்னார், காதில் வாங்கவில்லை.

இப்போது யாரையும் உட்காரவைக்கும் முன் மாத்திரைச் சீட்டைத்தான் முதலில் கேட்பேன். பயிற்சியின்போது பேச்சுக் கொடுப்பேன். மூச்சு வாங்காமல் பதில் வந்தால் அந்த வேகம் போதும். பல்ஸையும் பார்ப்பேன். அவரவர் காதில் மட்டும் சொல்வேன், ஏன் அந்த எண் என்பதோடு சேர்த்து.